ஊருக்கு எட்டுப் பேர்

2024 நவம்பர் 5-ம் தேதி திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்துக் கோயிலில், அமெரிக்க அதிபர் தேர்தலில் டிரம்பை எதிர்த்துப் போட்டியிட்ட கமலா ஹாரிஸ் பெயருக்கு அர்ச்சனை நடந்தது. அவருடைய தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் பூர்விக ஊர் அது. மறுநாள் மாலை நம் கடிகாரத்தில் நான்கு மணி சுமாருக்கு, அமெரிக்காவில் இன்னும் பொழுது விடியாத வேளையில், எல்லாம் முடிந்துவிட்டது. விஸ்கான்சின் மாநிலம் டிரம்புக்கு என்று அசோசியேட்டட் பிரஸ் அறிவித்தது. அந்த மாநிலத்தின் 10 தேர்வாளர் வாக்குகள் சேர்ந்ததும் அவர் அதிபராவதற்கு வேண்டிய 270 என்ற கோட்டைத் தாண்டினார்.

அன்றிலிருந்து நம்மிடையே உலவும் வாக்கியம் இது: “போன முறை பைடனுக்குப் போட்ட விஸ்கான்சின் இந்த முறை டிரம்புக்கு மாறிவிட்டது.” இதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் நடந்தது இன்னதென்று இந்த வாக்கியத்தை வைத்துப் புரிந்துகொள்ளவும் முடியாது. ஒரு மாநிலமே விடிவதற்குள் மனம் மாறிய மாதிரி இது ஒலிக்கிறது. எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. அந்தக் கதையைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தேர்தலைப் பற்றி நாம் கேட்கும் பாதிச் சந்தேகங்களுக்கும், காதில் விழும் பாதி வதந்திகளுக்கும் விடை இந்த ஒரு மாநிலத்துக்குள்ளேயே கிடைக்கிறது.

முதலில் வித்தியாசங்கள். 2000-ல் அல் கோர் இங்கே 5,708 வாக்கில் வென்றார். 2004-ல் ஜான் கெர்ரி 11,384 வாக்கில் வென்றார். நடுவே ஒபாமா இரண்டு முறை தாராளமாக ஜெயித்தார். 2016-ல் டிரம்ப் 22,748, 2020-ல் பைடன் 20,682, 2024-ல் மறுபடியும் டிரம்ப் 29,397. ஏழு தேர்தல்களில் ஐந்து, நூற்றுக்கு ஒன்றுகூட வராத வித்தியாசத்தில் முடிந்தவை. 2024-ல் பதிவான வாக்கு 34 லட்சத்துக்கு மேல். மாநிலத்தில் சுமார் 1,850 உள்ளாட்சிகள் இருக்கின்றன. அந்த 29,397-ஐப் புரட்டிப்போட அதில் பாதிப் பேர் பக்கம் மாறினால் போதும். கணக்குப் போட்டால் ஊருக்கு எட்டுப் பேர் வருகிறது. 2020-ல் அது ஊருக்கு ஆறு பேருக்கும் குறைவு.

நாம் இதை ‘ஊசலாடும் மாநிலம்’ என்கிறோம். ஊஞ்சல் முன்னே போனால் அதில் உட்கார்ந்திருக்கிற எல்லோரும் சேர்ந்து முன்னே போகிறார்கள். விஸ்கான்சினில் அப்படி யாரும் சேர்ந்து போகவில்லை. மளிகைக்கடைப் பழைய தராசுதான் பொருத்தமான உவமை. இரண்டு தட்டிலும் மூட்டை மூட்டையாகப் பாரம் இருக்கிறது. முள் நகர்வதற்கு ஒரு கைப்பிடி உளுந்து போதும். முள்ளை மட்டும் பார்ப்பவருக்குத் தட்டில் என்ன கூடியது, என்ன குறைந்தது என்பது தெரியாது.

தட்டுகளைப் பார்ப்போம். 2012-ல் குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி இங்கே பெற்றது 14,07,966 வாக்கு. அவர் தோற்றார், அதுவும் நன்றாகவே தோற்றார். 2016-ல் டிரம்ப் பெற்றது 14,05,284. அதாவது ராம்னியைவிடக் குறைவு. ஆனாலும் டிரம்ப் வென்றார். காரணம் எதிர்த்தட்டில் இருந்தது. ஒபாமாவுக்கு 2012-ல் கிடைத்த 16,20,985, ஹிலாரி கிளின்டனுக்கு 13,82,536 ஆகச் சுருங்கிவிட்டது. சுமார் 2 லட்சத்து 38 ஆயிரம் வாக்கு அந்தத் தட்டிலிருந்து இறங்கிவிட்டது.

அடுத்து 2020. டிரம்ப் 16,10,184 பெற்றார். முன்பு தாம் ஜெயித்தபோது பெற்றதைவிட ஏறக்குறைய 2 லட்சத்து 5 ஆயிரம் அதிகம். தோற்றார். பைடன் தட்டில் அதைவிட அதிகம் ஏறியிருந்தது. பிறகு 2024. ஹாரிஸ் 16,68,229 பெற்றார். வென்ற பைடனைவிட 37 ஆயிரத்துக்கு மேல் கூடுதல். அவரும் தோற்றார். 2008-ல் ஒபாமா பெற்ற 16,77,211 தவிர, ஜனநாயகக் கட்சியில் வேறு எவரும் அந்த மாநிலத்தில் அவ்வளவு வாக்கு வாங்கியதில்லை. டிரம்ப் வாங்கிய 16,97,626 அந்த ஒபாமா உச்சத்தையும் தாண்டியது.

ஆக, 2016-ல் வென்றவர் முந்தைய முறை தோற்றவரைவிடக் குறைவாக வாங்கினார். 2020-லும் 2024-லும் தோற்றவர்கள், தம் கட்சி முந்தைய முறை வென்றபோது வாங்கியதைவிட அதிகமாக வாங்கினார்கள். ‘மக்கள் அவரைக் கைவிட்டார்கள்’, ‘இவரிடம் திரும்பினார்கள்’ என்று எழுதும்போது இந்த மூன்று உண்மைகளையும் எங்கே வைப்பது?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘2016-ல் யாரும் டிரம்ப் பக்கம் மாறவில்லை, ஜனநாயகக் கட்சிக்காரர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான்’ என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். அதுவும் அவசரம். பேருந்து ஒன்று ஒரு நிறுத்தத்தில் நிற்கிறது. இருபது பேர் இறங்கி, பத்தொன்பது பேர் ஏறுகிறார்கள். உள்ளே தலை எண்ணுகிறவருக்கு ஒருவர் குறைந்ததுதான் தெரியும். ராம்னிக்கும் டிரம்புக்கும் இடையே எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியே நின்றது, ஆனால் உள்ளே இருந்த ஆட்கள் அதே ஆட்கள் இல்லை. ஒபாமாவுக்கு இரண்டு முறை வாக்களித்துவிட்டு 2016-ல் டிரம்புக்குப் போன கவுன்ட்டிகள், அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவுகள், 72-ல் 23. பெரும்பாலும் கிராமப்புறங்களும் சிறு நகரங்களும்தான். அதே நேரம் மில்வாக்கி நகரத்தில் 2012-ஐவிடச் சுமார் 40 ஆயிரம் வாக்குகள் குறைவாகப் பதிவாயின. மூன்றாவதாக, லிபர்டேரியன் கட்சியின் கேரி ஜான்சன் ஒரு லட்சத்துக்கு மேலும், பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் 31 ஆயிரமும் பெற்றார்கள். வித்தியாசமோ 22,748. இவற்றில் எது காரணம் என்று கேட்டால், ஒவ்வொன்றுமே அந்த வித்தியாசத்தைவிடப் பெரியது என்பதுதான் நேர்மையான பதில். முடிவு இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது எந்தக் காரணத்தைக் கையில் எடுத்தாலும் அது ‘தீர்மானித்த காரணம்’ போலவே தோன்றும். பொதுத்தேர்தல் பிரசாரத்தில் கிளின்டன் விஸ்கான்சினுக்கு ஒரு தடவைகூட வரவில்லை என்பது இன்றும் பேசப்படுகிறது. வந்திருக்க வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் வந்திருந்தால் ஜெயித்திருப்பார் என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

மாநிலத்தின் வரைபடத்தை விரித்தால் தட்டுகளில் ஏறுவதும் இறங்குவதும் இன்னும் தெளிவாகும். மில்வாக்கிக்கு மேற்கே வாக்கேஷா கவுன்ட்டி. வசதியான புறநகர், குடியரசுக் கட்சியின் கோட்டை. அங்கே 2012-ல் ராம்னியின் முன்னணி சுமார் 84 ஆயிரம். 2016-ல் டிரம்பின் முன்னணி 63 ஆயிரமாகவும் 2020-ல் 56 ஆயிரம் அளவுக்கும் தேய்ந்தது. கோட்டை விழவில்லை, மதில் மட்டும் தாழ்ந்துகொண்டே வந்தது. கல்லூரிப் படிப்பும் மாதச் சம்பளமும் உள்ள புறநகர்க் குடும்பங்கள் மெல்ல நகர்ந்ததன் அடையாளம் அது.

நடுவே தலைநகர் மேடிசன் இருக்கும் டேன் கவுன்ட்டி. மாநிலப் பல்கலைக்கழகம், அரசு அலுவலகங்கள், மென்பொருள் நிறுவனங்கள். 2010-க்கும் 2020-க்கும் இடையே மக்கள்தொகை 70 ஆயிரத்துக்கு மேல் கூடிய இடம். இங்கே ஜனநாயகக் கட்சியின் முன்னணி 2016-ல் சுமார் 1 லட்சத்து 46 ஆயிரம், 2020-ல் 1 லட்சத்து 81 ஆயிரம். கூடியது மட்டும் 35 ஆயிரம். பைடனின் மாநில வெற்றி வித்தியாசமே 20,682 என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். தேர்தல் நாளன்றே வாக்குச்சாவடியில் பெயரைப் பதிவுசெய்து வாக்களிக்கலாம் என்ற சட்டம் அந்த மாநிலத்தில் 1970-களிலிருந்து இருக்கிறது. அடிக்கடி வீடு மாறும் மாணவர்கள் நிறைந்த ஊருக்கு அது சின்ன வசதி இல்லை.

இவை இரண்டுக்கும் எதிர்த்திசையில் இழுப்பது கிராமம். பால் பண்ணைகளுக்குப் பேர்போன மாநிலம் அது, வண்டியின் நம்பர் பலகையிலேயே அதை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் இருபது ஆண்டுகளில் பால் பண்ணைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டது. கேத்தரின் கிரேமர் என்ற அரசியல் அறிவியல் பேராசிரியர் 2007 முதல் பல ஆண்டுகள், காலையில் பெட்ரோல் பங்க்கிலும் உணவகத்திலும் காபி குடிக்கக் கூடுபவர்களோடு போய் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டார். எங்கள் வரிப்பணம் மேடிசனுக்கும் மில்வாக்கிக்கும் போகிறது, முடிவெடுப்பதும் அங்கே, மரியாதையும் அவர்களுக்கே: இந்த மனக்குறைதான் திரும்பத் திரும்ப அவர் காதில் விழுந்தது. அவருடைய நூல் 2016-ல், அந்தத் தேர்தலுக்கு முன்பே வெளிவந்தது. டிரம்ப் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் குறை அங்கே இருந்தது என்பதுதான் அந்த வேலையின் மதிப்பு. ஒரு வேட்பாளர் வந்து ஊரை மாற்றிவிட்டார் என்று நினைப்பவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

புறநகரும் தலைநகரும் ஒரு பக்கம், கிராமங்கள் மறுபக்கம், இரண்டும் ஏறத்தாழச் சமம். அதனால்தான் முள் நடுவிலேயே நிற்கிறது. அந்த நடுவை நேரில் பார்க்க சாக் கவுன்ட்டிக்குப் போக வேண்டும். டேனுக்குப் பக்கத்து கவுன்ட்டி, தலைமையிடம் பாரபூ. ரிங்லிங் சகோதரர்களின் சர்க்கஸ் பிறந்த சிறு நகரம். மேடிசனுக்கு வேலைக்குப் போய் வருபவர்களும் பண்ணைக்காரர்களும் ஒரே கடையில் சாமான் வாங்கும் இடம். 2016-ல் டிரம்ப் அங்கே 109 வாக்கில் வென்றார். 2020-ல் பைடன் 615 வாக்கில் வென்றார். 2024-ல் மறுபடி டிரம்ப். ஒபாமாவிலிருந்து டிரம்புக்குப் போன அந்த 23 கவுன்ட்டிகளில் பைடனால் 2020-ல் மீட்க முடிந்தது இரண்டே இரண்டுதான்: சாக் ஒன்று, வடகிழக்கே ஏரிக்குள் நீண்டிருக்கும் டோர் இன்னொன்று. மற்ற 21 திரும்பவே இல்லை. ஆகவே ‘2016-ல் போனவர்கள் 2020-ல் திரும்பி வந்தார்கள்’ என்பதும் பெரும்பாலும் பொருந்தாது. போனவர்கள் போன இடத்திலேயே இருக்க, புதிதாக வேறு இடங்களிலிருந்து ஆட்கள் வந்து பைடன் தட்டை நிரப்பினார்கள். டோர் 2024-ல் ஹாரிஸுடனேயே நின்றது. மாநிலம் போன வழியில் அது போகவில்லை.

இனி, விடியற்காலை மூன்று மணி விவகாரம். 2020-ல் இதைச் சுற்றித்தான் அதிகமான சந்தேகம் எழுந்தது. இரவு தூங்கப் போகும்போது டிரம்ப் முன்னணி, காலையில் எழுந்து பார்த்தால் பைடன் முன்னணி. இது எப்படி என்று கேட்டவர்களில் உண்மையாகவே குழம்பியவர்கள் பலர். அவர்களுக்கு ஏளனம் விடையாகாது, விளக்கம்தான் வேண்டும்.

இந்தியாவில் ஒரே தேர்தல் ஆணையம், ஒரே நாளில் எண்ணிக்கை. அங்கே அப்படி இல்லை. விஸ்கான்சினில் தேர்தலை நடத்துவது அந்த 1,850 உள்ளாட்சிகளின் கிளார்க்குகள். தபாலிலோ முன்கூட்டி நேரில் வந்தோ போட்ட வாக்குகளைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் பிரிக்கக்கூடாது என்பது மாநிலச் சட்டம். ஓர் உறையை எடுத்துப் பாருங்கள். மேலே வாக்காளரின் கையெழுத்து இருக்க வேண்டும். சாட்சியின் கையெழுத்தும் சாட்சியின் முகவரியும் இருக்க வேண்டும். ஊழியர் பெயரைச் சத்தமாக வாசிக்கிறார். பட்டியலில் பெயருக்கு நேரே எண் இடப்படுகிறது. உறை பிரிக்கப்படுகிறது. மடித்திருக்கும் வாக்குச்சீட்டை நீவி நிமிர்த்திய பிறகுதான் இயந்திரத்துக்குள் செலுத்துகிறார்கள். ஓர் உறைக்கு இவ்வளவு. சிற்றூரில் இப்படி நூறோ இருநூறோ வரும், சாவடியிலேயே முடித்துவிடலாம். இரவு எட்டு மணிக்கு வாக்குப்பதிவு முடிகிறது, சற்று நேரத்தில் அந்த ஊர்களின் முடிவு வந்துவிடுகிறது. மில்வாக்கி நகரமோ தன் எல்லாத் தபால் வாக்குகளையும் ஒரே கூடத்தில் கொண்டுவந்து குவித்து எண்ணுகிறது. பெருந்தொற்று ஆண்டான 2020-ல் அங்கே குவிந்தவை சுமார் 1 லட்சத்து 69 ஆயிரம். எண்ணி முடித்து அந்த மொத்தத்தையும் ஒரே தவணையில் வெளியிட்டபோது மணி அதிகாலை மூன்றைத் தாண்டியிருந்தது.

ஜனநாயகக் கட்சி தன் ஆதரவாளர்களைத் தபாலில் போடச் சொன்னது. டிரம்ப் தபால் வாக்கை நம்பாதே என்று பிரசாரம் செய்தார். ஆக அந்தக் குவியலில் யாருக்கு அதிகம் இருக்கும் என்பது எண்ணுவதற்கு முன்பே தெரிந்த விஷயம். வாக்கு எண்ணிக்கையைக் காட்டும் வரைபடத்தில் பைடனின் கோடு செங்குத்தாக எழும்பியது. அது வாக்குகள் வந்து விழுந்த நேரம் இல்லை, எண்ணிய தொகை வெளியான நேரம். வாக்குகள் பல நாள் முன்பே வந்து உறையோடு காத்திருந்தன. ஒரு நாள் முன்னதாக உறை பிரிக்கும் வேலையையாவது தொடங்க விடுங்கள் என்று கிளார்க்குகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கீழவை 2023-ல் அதற்கான மசோதாவை நிறைவேற்றியும், மேலவையில் அது நிறைவேறவில்லை. 2024-லும் பழையபடியே காலை 7 மணி. இது தவிர்த்திருக்கக்கூடிய குழப்பம், அதைத் தீர்க்காமல் விட்டது பெரிய தவறு என்பதே என் கருத்து.

2024-ல் அதே மில்வாக்கிக் கூடத்தில், எண்ணும் இயந்திரங்களின் சிறு கதவுகள் சரியாகப் பூட்டி முத்திரையிடப்படவில்லை என்பதை ஒரு பார்வையாளர் கவனித்தார். யாரும் கை வைத்ததற்கு அடையாளம் இல்லை. இருந்தும் அதுவரை எண்ணிய சுமார் 31 ஆயிரம் வாக்குகளை நகர அதிகாரிகள் முதலிலிருந்து எண்ண வைத்தார்கள். பல மணி நேரம் தாமதம். தாமதமே சூழ்ச்சிக்குச் சான்று என்று நினைப்பவர்கள் இந்தச் சம்பவத்தை யோசிக்க வேண்டும். இங்கே தாமதத்துக்குக் காரணம் கண்காணிப்பு வேலை செய்ததுதான். தவறே நடக்காது என்றும் சொல்ல மாட்டேன். அதே தேர்தலில் மேடிசனில் 193 தபால் வாக்குகள் எண்ணப்படாமலே விடுபட்டு, பிறகுதான் வெளியே தெரிந்தது. எந்த முடிவும் அதனால் மாறவில்லை. ஆனால் அந்த 193 பேரின் குரல் கேட்கப்படவில்லை. அதை அலட்சியமாகக் கடந்துபோகக் கூடாது.

எண்ணியது சரிதானா என்று திரும்பப் பார்க்கவும் அங்கே வழி உண்டு. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுக்குள் இருந்தால் தோற்றவர் மறு எண்ணிக்கை கேட்கலாம். கால் சதவீதத்துக்கு மேல் என்றால் செலவு அவருடையது. 2020-ல் டிரம்ப் தரப்பு 30 லட்சம் டாலர் கட்டி, மில்வாக்கி, டேன் ஆகிய இரண்டு கவுன்ட்டிகளை மட்டும் திரும்ப எண்ணக் கேட்டது. பெரிய மண்டபங்களில் மேசை போட்டு, இரு கட்சிப் பார்வையாளர்களும் எதிரே நிற்க, எண்ணினார்கள். மில்வாக்கியில் பைடனுக்கு 132 கூடியது. டேனில் டிரம்புக்கு 45 கூடியது. நிகரமாகப் பைடனுக்கு 87. நான்கு ஆண்டுகள் முன்பு ஜில் ஸ்டைன் கேட்டு மாநிலம் முழுதும் திரும்ப எண்ணியபோதும், டிரம்பின் முன்னணி 131 வாக்கு கூடியதோடு சரி.

அப்புறம் வழக்கு. 2020-ல் மில்வாக்கி, டேன் கவுன்ட்டிகளில் 2 லட்சத்து 21 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளைத் தள்ளுபடி செய்ய டிரம்ப் தரப்பினர் கோரினார்கள். எந்த நடைமுறைகளைக் குறை சொன்னார்களோ அவை மற்ற கவுன்ட்டிகளிலும் இருந்தவைதான். அந்தக் கவுன்ட்டிகளை யாரும் தொடவில்லை. 2020 டிசம்பர் 14-ல் மாநில உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்று அதை நிராகரித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பிரயன் ஹேகடோர்ன், பழமைவாதிகளின் ஆதரவோடு தேர்ந்தெடுக்கப்பட்ட நீதிபதி. விதி சரியில்லை என்றால் ஆட்டம் தொடங்கும் முன் சொல்லியிருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அன்று நண்பகல் மேடிசன் சட்டமன்றக் கட்டடத்தில் 10 தேர்வாளர்கள் பைடனுக்கு வாக்களித்தார்கள். அதே கட்டடத்தில் குடியரசுக் கட்சியினர் 10 பேர் கூடி, தாங்கள்தான் தேர்வாளர்கள் என்று கையெழுத்திட்டார்கள். 2023 டிசம்பரில் ஒரு சிவில் வழக்கைச் சமரசமாக முடித்தபோது, பைடனே வென்றார் என்று அந்தப் பத்துப் பேரும் ஒப்புக்கொண்டார்கள். நான்குக்கு மூன்று. 20,682 வாக்கைப் போலவே அந்த ஒரு நீதிபதியும் நினைவில் நிற்க வேண்டியவர்.

மறுபடி 2024-க்கு வருகிறேன். அந்த ஆண்டின் வாக்குச்சீட்டில் அதிபர் பதவிக்குக் கீழேயே செனட் பதவியும் இருந்தது. ஜனநாயகக் கட்சியின் டாமி பால்ட்வினும் குடியரசுக் கட்சியின் எரிக் ஹோவ்டியும் போட்டியிட்டார்கள். டிரம்ப் 29 ஆயிரத்துச் சொச்சத்தில் வென்ற அதே நாளில், அதே சீட்டில், பால்ட்வினும் ஏறக்குறைய 29 ஆயிரத்தில் வென்றார். இதைப் பார்த்ததும் ‘டிரம்புக்குப் போட்டவர்கள் பலர் கீழே பால்ட்வினுக்குப் போட்டிருக்கிறார்கள்’ என்றுதான் தோன்றும். தட்டுகளைப் பாருங்கள். பால்ட்வின் ஹாரிஸைவிட அதிகமாகப் பெற்றது சுமார் 4,500 மட்டுமே. ஹோவ்டியோ டிரம்பைவிட 53 ஆயிரத்துக்கு மேல் குறைவாகப் பெற்றார். அந்த 53 ஆயிரத்தில் பெரும்பகுதி பால்ட்வினிடம் போய்ச் சேரவில்லை. சிறு கட்சி வேட்பாளர்களுக்குச் சிதறியது கொஞ்சம், அந்தக் கட்டத்தை நிரப்பாமலே விட்டவர்கள் கொஞ்சம். டிரம்ப் என்ற ஒரு பெயருக்காக மட்டும் வாக்குச்சாவடிக்கு வந்து, அந்தப் பெயருக்கு நேரே குறியிட்டுவிட்டு, மீதிச் சீட்டைப் பார்க்காமலே வெளியே போனவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

2020-க்கும் 2024-க்கும் இடையே டிரம்ப் தட்டில் 87 ஆயிரம் வாக்கு கூடியது, ஜனநாயகக் கட்சியின் தட்டில் 37 ஆயிரம் கூடியது. துளசேந்திரபுரத்துப் பேத்திக்கு அந்த மாநிலத்தில் கிடைத்த 16,68,229 வாக்கு, பால்ட்வினை வெற்றிபெற வைத்த 16,72,777-க்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையோடு ஒருவர் வாஷிங்டனில் செனட் இருக்கைக்குத் திரும்பிப் போனார், இன்னொருவர் தோல்வியை ஏற்றுப் பேச மேடை ஏறினார்.